மறுமாதிரி

ஆகஸ்ட் 4

என் அருமை அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் அத்தான் இதற்குள் போன் பண்ணிப் புலம்பியிருப்பார். "போனிலேயே சொல்லலாமே" என்று கேட்காதே. நான் வாயைத் திறந்தால் குழந்தை விழித்துக்கொள்கிறது. பேனா சத்தம் போடாது.

உருண்டைக்கு நாளையோடு ஆறு வாரம். பெயர் வைப்பதில் இரண்டு வீட்டாரும் முட்டிக்கொண்டு நிற்பதால் உருண்டையாகவே இருக்கிறாள். இவர் வீட்டில் எல்லாமே இவர் ஜாடை என்கிறார்கள். மூக்கு உன்னுடையது. அதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

ஒரு குறை. எனக்குப் பால் போதவில்லை. டாக்டர் பால் பவுடர் எழுதிக் கொடுத்துவிட்டார். தோற்றுப்போன மாதிரி அழுதேன். கீழ் வீட்டுத் தையல்காரர் மனைவிக்கும் இதே கதைதான், அவள் குழந்தை நம்முடையவளுக்கு ஒன்பது நாள் இளையவன். "குழாய்த் தண்ணில கலக்காதீங்க, இந்த ஊர்த் தண்ணிய நம்ப முடியாது" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "எங்க அக்காதான் அதைச் சோதிச்சுக் கையெழுத்துப் போடுறா. மாசாமாசம் தண்ணி பாட்டில் அவ லேபுக்குத்தான் போகுது" என்று நன்றாகப் பீற்றிக்கொண்டேன். பாவம், "அப்ப நானும் இதையே கலக்குறேன்" என்று வாங்கி வைத்திருந்த தண்ணீர்க் கேனைத் தள்ளி வைத்துவிட்டாள்.

எதற்கும் நீ ஒரு வார்த்தை எழுதிவிடு. கலக்கலாம்தானே?

உன்
குட்டி


ஆகஸ்ட் 11

செல்லக் குட்டிக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். மூக்கு விஷயத்தில் அவருக்கு ஒரே சிரிப்பு, "அந்தக் குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு" என்கிறார்.

பால் போதாததற்கெல்லாம் அழுவார்களா? பவுடர் குடித்து வளர்ந்தவர்கள்தான் இன்று பாதி உலகம். நீ வேளைக்குச் சாப்பிடு, தூங்கு. அச்சகத்துக்காரர்கள் பிழை திருத்த வீட்டுக்குத் தாள் அனுப்பினால் திருப்பி அனுப்பு. அவர்கள் பிழை இன்னும் மூன்று மாதம் பிழையாகவே இருக்கட்டும்.

தண்ணீரை நன்றாகக் கொதிக்க வை. இருபது நிமிடமாவது தளதளவென்று கொதிக்கட்டும், ஆறவைத்துக் கலக்கு. என் கையைத் தாண்டாத தண்ணீர் உன் குழாய்க்கு வராது. பயப்படாதே.

இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது, கண் பட்டுவிடப் போகிறது, யாரிடமும் சொல்லாதே. பதினோரு வருடமாகத் தற்காலிகம் என்றே உட்கார்ந்திருக்கும் நாற்காலி இந்த மாதக் கடைசியில் நிரந்தரமாகும் போலிருக்கிறது. மேலதிகாரியே தன் வாயால் சொன்னார். உருண்டை வந்த ராசி.

முத்தங்களுடன்,
அக்கா


ஆகஸ்ட் 29
குழந்தைகள் வார்டு

அக்கா,

உயிருக்கு ஆபத்தில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை உருண்டைக்கு உதடு நீலமாக இருந்தது. குளிர் என்று நினைத்துப் போர்த்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நகமெல்லாம் நீலம். அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினாள். இங்கே ரத்தம் எடுத்தார்கள். அது சிவப்பாக இல்லை அக்கா, காபி நிறத்தில் இருந்தது. நர்ஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஓடினாள்.

"பாலை எந்தத் தண்ணில கலக்குறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"குழாய்த் தண்ணிதான். ஆனா நல்லாக் கொதிக்க வச்சுத்தான் டாக்டர். அரை மணி நேரம். சில நாள் ரெண்டு தடவை."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நைட்ரேட் கிருமி இல்லம்மா, கொதிச்சாச் சாகிறதுக்கு. வயல் உரத்துலேருந்து கிணத்துல இறங்குற உப்பு. தண்ணி வத்த வத்த அது கூடத்தான் செய்யும். பெரியவங்க தாங்கிக்குவாங்க, இந்த வயசுக் குழந்தைக்கு ரத்தம் மூச்சக் கொண்டுபோகாது."

நீ இருபது நிமிடம் சொன்னாய். அக்கா சொன்னாளே என்று நான் அரை மணி வைத்தேன்.

ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் உதடு திரும்பிவிட்டது. இவர் போய் எங்கள் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்தார். டாக்டரம்மா ஒரு சோதனைக் காகிதப் பட்டையை அதில் நனைத்தார். கொதிக்க வைக்காத தண்ணீரிலேயே அது அடர் சிவப்பானது, நைட்ரேட் அதிகம் என்று அர்த்தமாம். குடிநீர் அலுவலகத்தில் இவர் போய்ச் சொன்னால், பெயரில்லாததால் 'எட்டாம் வீட்டுக் குழந்தை' என்று குறித்துக்கொண்டு, "பட்டையெல்லாம் செல்லாது. எல்லை நாப்பத்தஞ்சு, நம்ம தண்ணி நாப்பத்து மூணு. லேப் சான்றிதழ் இருக்கு" என்று காட்டினார்களாம். கீழே உன் கையெழுத்து.

தையல்காரர் மனைவியிடமும் இவர் போய்ச் சொல்லிப் பார்த்தார். "உங்க வீட்டம்மாவோட அக்காவே கையெழுத்துப் போட்டிருக்காங்களே, நான் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். உங்க குழந்தைக்கு வேற ஏதாவது இருக்கும்" என்கிறாள். அவன் இன்றும் அதைத்தான் குடிக்கிறான். உன் கையெழுத்தைக் காட்டித்தான் என்னை நம்ப மறுக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாற்பத்து மூன்றுதான் வந்ததா? வேறு எண் எதுவும் வந்ததா?

குட்டி


செப்டம்பர் 3

என் கண்ணே குட்டி,

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு அழுதபடியே படித்தேன். அத்தான் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அந்தப் பிஞ்சு விரல்கள் நீலமாக இருந்தன என்ற வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குப் பிள்ளை இல்லாத குறையை அவளை வைத்துத்தான் மறந்திருந்தேன். அவளுக்கு ஒன்று ஆகியிருந்தால் நான் இருந்து என்ன பயன்?

உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆகஸ்ட் ஏழாம் தேதி உங்கள் ஊரிலிருந்து வந்த பாட்டிலில் நைட்ரேட் எண்பத்தொன்று இருந்தது. எண் எல்லை மீறினால் மறுமாதிரி கேட்பது இங்கே வழக்கம். மேலதிகாரி, "பாட்டில் சரியாக் கழுவியிருக்க மாட்டாங்கம்மா, இன்னொண்ணு எடுக்கச் சொல்லு" என்றார். மறுமாதிரி பதினெட்டாம் தேதி வந்தது. நாற்பத்து மூன்று. பதிவேட்டில் ஏறுவது கடைசி எண் மட்டும்தான். முதல் எண் பென்சிலில் இருக்கும், அதை அழித்துவிடுவோம். அழித்தேன். பாட்டில் கொண்டுவந்த வண்டிக்காரர்தான் பேச்சுவாக்கில் சொன்னார், மறுமாதிரி எடுப்பதற்கு முதல் நாளே குடிநீர் அலுவலகத்தார் கிணறுகளை நிறுத்திவிட்டு ஆற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்களாம். மாதிரி எடுத்த மறுநாள் மூடிவிட்டார்களாம். அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். நாற்காலி கண்ணை மறைத்துவிட்டது.

ஆனால் ஒன்றை நீ நம்ப வேண்டும். உனக்குக் கொதிக்க வைக்கச் சொன்னது நாற்பத்து மூன்றை நம்பித்தான். தண்ணீர் சரியாகிவிட்டது என்று நினைத்துத்தான் பழக்கத்தில் அப்படி எழுதிவிட்டேன். தெரிந்தே உனக்கு நான் கெடுதல் செய்வேனா?

தையல்காரர் மனைவிக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக் கேன் தண்ணீர் வாங்கவை. என்னை இதில் இழுக்காதே. நேற்றுத்தான் நிரந்தர ஆணை கைக்கு வந்தது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன் அக்கா


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

உருண்டையை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். நன்றாகக் குடிக்கிறாள், நன்றாகக் கத்துகிறாள்.

நீ சொன்னதை நம்ப எவ்வளவோ முயன்றேன். பழைய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கொதிக்க வை என்று நீ எழுதியது பதினொன்றாம் தேதி. மறுமாதிரி வந்தது பதினெட்டாம் தேதி. நீ எனக்கு எழுதிய அன்று உன்னிடம் நாற்பத்து மூன்று இல்லை அக்கா. எண்பத்தொன்று மட்டும்தான் இருந்தது. கொதித்தால் போகாது என்பதும் உனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் உனக்குச் சம்பளம். கேன் வாங்கு என்று எழுதியிருந்தால் நான் ஏன் என்று கேட்டிருப்பேன். நான் கேட்டால் தெருவே கேட்டிருக்கும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து என் குழந்தையை விட்டுக்கொடுத்துவிட்டாய். உன் அதிகாரி செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நீ செய்ததை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அம்மா போன பிறகு என் தலையை வாரிவிட்டவள் நீ.

சாக்குச் சொல்லும் வேலையும் எனக்கு இருக்கவில்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை காலை தையல்காரர் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவன் இன்னும் கண் திறக்கவில்லை. வார்டு வாசலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேச்சக் கேட்டிருக்கணும்" என்றாள். என் பேச்சைக் கேட்டுத்தான் அவள் கேனைத் தள்ளி வைத்தாள். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் தங்கைதானே நான்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். "இது வெளிய போனா உங்க அக்கா வேலை போயிடும், யோசிச்சுக்கங்க" என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். இன்று காலை பிரதி எடுத்து நகர்மன்றத்துக்கும் இரண்டு பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டோம். ஒன்றைத் தையல்காரர் கையிலும் கொடுத்தேன்.

பிரதி எடுக்கும்போது முதல் பத்தியை மட்டும் ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துக்கொண்டேன். நீ தாழ்போட்டுக்கொண்டு அழுததும் பிள்ளை இல்லாத குறையும் எனக்கு எழுதியவை. அவற்றை யாருக்கும் காட்ட மாட்டேன். நீ அழுதது பொய்யில்லை என்று தெரியும்.

ஆனால் இனிமேல் எனக்கு எழுதாதே. வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

இப்படிக்கு,
எட்டாம் வீட்டுக் குழந்தையின் தாய்