நான் திறந்து பார்க்காத பக்கங்கள்

இன்று மதியம் போன் திரை உடைந்துபோனதால் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடையின் மாடிக்கு ஏறினேன். கதவைத் தள்ளியதும் ஈரக் கார்பெட்டும் ஏசிக் காற்றும் கலந்த அந்தப் பழைய நாற்றம் முகத்தில் அடித்தது. "என்ன மாடலுங்க அக்கா?" என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார்; நான் அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளைவுட் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். சுவரெல்லாம் போன் உறைகள் தொங்குகின்றன. ஆனாலும் அது நம் பிரௌசிங் சென்டர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீயும் நானும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்த இடம். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றை ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எங்கள் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வந்து சேர்ந்த முதல் நாளே, "ஏட்டி, அந்தக் கலர் கார்டை இங்கன தள்ளு" என்றாய். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். என்னைப் பெற்றவர்கள்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏனுங்க, கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க" என்றேன். நீ மேசையில் தலை வைத்துச் சிரித்தாய். ஆறு மாதம் நான் உன்னை 'வாங்க, போங்க' என்றே பேசினேன், நீ அசரவேயில்லை. நமக்கு ஒரே வேலை. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையருக்குச் சாம்பிள் அனுப்ப வேண்டும், கழுத்து அரை சென்டிமீட்டர் அகலம் என்று மெயில் வந்தால் தையல் மாஸ்டரிடம் கெஞ்ச வேண்டும், சரக்கு கப்பல் ஏறும்வரை மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மெயிலுக்காகக் கற்றுக்கொண்ட கம்ப்யூட்டரை வைத்துத்தான் நீ உனக்கென்று ஒரு வலைத்தளம் தொடங்கினாய். யாரோ இலவசமாகக் கொடுத்த இடம். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, மூலைக்கு மூலை சுழலும் பூ. பார்த்தால் கண் வலிக்கும், சொன்னால் கோபித்துக்கொள்வாய். செக்கிங் மேசைப் பெண்கள் குழந்தைச் சட்டையில் நூல் பிசிறு வெட்டும்போது, இதை எந்த ஊர்ப் பிள்ளை போடப்போகிறதோ என்று பேசிக்கொள்வதை எழுதினாய். முதலிபாளையம் பஸ்ஸில் நடந்த சண்டையை எழுதினாய். நார்வேயிலிருந்து யாரோ ஒருவர், "தங்கச்சி, அடுத்தது எப்போது?" என்று விருந்தினர் பக்கத்தில் கேட்டிருந்தார். அன்றைக்கு நீ எனக்குப் பப்ஸ் வாங்கிக் கொடுத்தாய். அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று ஓடும். "இதுல முக்காவாசி நாம ரெண்டு பேருந்தாம்ட்டி" என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஒருமுறை ரெஃப்ரெஷ் அழுத்துவாய்.

அன்றைக்கு இணையம் நாம் போகும் இடமாக இருந்தது. படியேறிப் போவோம், உட்காருவோம், நேரம் முடிந்ததும் எழுந்து வருவோம். முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ஒருவர் பக்கத்துக்குப் போனால், அது அவர் வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது. இப்போது அது நம்மைத் தேடி வருகிறது. குளியலறைக்குப் போனால்கூட விடுவதில்லை. விரலால் தள்ளிக்கொண்டே இருக்கிறேன். ஆட்டம், சமையல், யாரோ அழுகிறார்கள், யாரோ நிலம் விற்கிறார்கள். போனை வைத்த பிறகு எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முகவரி தட்டும் பழக்கமே கைக்கு மறந்துவிட்டது. என் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

உன் மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது உனக்கு நோய் வந்தது. இனித் தேறாது என்று உனக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் கொண்டுவந்து கொடுத்த ஆபீஸ் லேப்டாப்பில், படுக்கையில் சாய்ந்தபடி உன் தளத்துக்குள்ளேயே ஒரு பகுதியைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி அவளுக்குக் கடிதங்கள் எழுதினாய். நோட்டில் எழுதலாமே என்று கேட்டேன்.

"நோட்டு தண்ணி பட்டா போச்சு, செல்லுப்பூச்சி அரிச்சா போச்சு. இதுக்கு ஒரு கேடும் வராதுட்டி. பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்ச பொறவு குடு. அதுவர நீயும் படிக்கப்படாது, என்ன?"

"படிக்கமாட்டனுங்க" என்றேன். உன்னோடு நீ, வா, போ என்று பழகி வருஷக்கணக்காகியும் அன்றைக்கு என் வாயில் மரியாதைதான் வந்தது.

பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தாய். தளத்துக்காரர்கள் ஏதாவது தகவல் சொல்ல ஒரு மெயில் முகவரி கேட்டார்கள். என் கம்பெனி மெயிலைப் போடச் சொன்னாய். சொந்த மெயிலை நான் மாதம் ஒருமுறைகூடத் திறப்பதில்லை. கம்பெனி மெயில் என்றால் காய்ச்சலிலும் பார்ப்பேன். அந்த யோசனை நம் இருவருக்கும் சரியாகவே பட்டது. நம் தொழிலில் இருப்பவர்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

நீ போய் இரண்டு வருஷத்தில் நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். ஆள் போனாலும் மெயில் முகவரி போகாது. பையருக்குப் பழகிய முகவரி என்று அந்த நாற்காலிக்கு வரும் அடுத்த பெண்ணிடம் கொடுத்துவிடுவார்கள். பாதியில் நின்ற ஆர்டர்களையெல்லாம் அவளுக்கு ஒன்றுவிடாமல் விளக்கிவிட்டு வந்தேன். உன் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. பையருக்கு ஒரு பனியன் அனுப்பினால் அதே போல இன்னொன்றை அடையாளச் சீட்டுக் கட்டி அலமாரியில் வைக்காமல் நாம் விட்டதில்லை. உன் கடிதங்களுக்கு அப்படி ஒரு நகல் எடுத்துவைக்க இருவருக்குமே தோன்றவில்லை.

போன மாதம் உன் மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பாயசம் வைத்தேன். ஒட்டியது ஒட்டியபடி இருந்த கவரை அவள் கையில் கொடுத்து, "உங்கம்மா உனக்கு எழுதுனது கண்ணு, நான் ஒண்ணுகூடப் படிக்கல" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் போனில் முகவரியைத் தட்டினாள். அப்படி ஒரு தளம் இல்லை என்று வந்தது. எழுத்துப் பிழை இருக்கும் என்று நான் தட்டினேன். மறுபடி அவள் தட்டினாள். பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.

அந்த இலவச இடத்தையே இழுத்து மூடி வருஷங்கள் ஆகிவிட்டனவாம். மூடுவதற்கு முன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் மெயில் போட்டிருக்கிறார்கள். என் நாற்காலிக்கு வந்த பெண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "அந்த மாதிரி தெனமும் நூறு வருமுங்க அக்கா. பையர் மெயில் இல்லீன்னா பாக்காமயே அழிச்சிருவனுங்க" என்றாள். அவளை என்ன சொல்ல? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பழைய பக்கங்களைச் சேர்த்துவைக்கும் இடம் ஒன்று இருக்கிறது என்று ஆபீஸில் ஒருவர் தேடிக் கொடுத்தார். உன் முதல் பக்கம் மட்டும் கிடைத்தது. அந்தக் கால எழுத்துரு இல்லாததால் மஞ்சள் நிறத்தில் ஏதேதோ குறிகளாக நின்றது. பூட்டிய பக்கங்களை அங்கே யாரும் எடுத்துவைக்கவில்லை. உன் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டேனே. ஒருமுறை திருட்டுத்தனமாகப் படித்திருந்தால் நாலு வரியாவது என்னிடம் இருந்திருக்கும். இதை நினைத்து அழாத நாள் இல்லை.

போன வாரம் அவளை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வரிகூடத் தெரியாதுங்களா சித்தி?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. கடைசிக் கடிதத்தின்போது உனக்கு விரல் எழவில்லை. நீ சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அழுகையை அடக்குவதிலும் எழுத்தைத் தேடுவதிலும் என் புத்தி போயிருந்தது. நீ சொன்னது எதுவும் மனதில் நிற்கவில்லை. ஒரே ஒரு வரி மட்டும் நின்றிருக்கிறது. "செருப்ப வலது இடது மாத்திப் போடாத தங்கம், நீ எப்பவும் மாத்தித்தான் போடுத" என்றாய். தட்டி முடித்ததும் உனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பதினெட்டு வயசுக்காரிக்குப் போயி செருப்பச் சொல்லுதேன் பாரு. அதை அழிச்சிருட்டி" என்றாய். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அதனால்தானோ என்னவோ அது மட்டும் மறக்கவில்லை.

நீ அழிக்கச் சொன்னதை நான் அவளிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவள் அதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். உன் மாதிரியே சொல்லுங்கள் என்றாள். எனக்கு வந்தவரையில் சொன்னேன். அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.