வெறுக்கச் சொன்ன வரி

மார்ச் 4

என் வாலு மகளுக்கு,

இங்கே நலம். முட்டிவலி மட்டும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே இருக்கிறது.

மாதக் கடைசியில் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன், அதற்குமுன் படித்துவிட்டுச் சம்மதம் சொல் என்று வேதப் புத்தகத்தை அனுப்பியிருந்தாய். அச்சகத்தில் காலமெல்லாம் புரூஃப் பார்த்தவளிடம் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? பென்சிலோடுதான் உட்கார்ந்தேன். ஓரிடத்தில், தாய் தகப்பனை வெறுக்காதவன் எனக்குச் சீடனாக முடியாது என்று இயேசு சொல்வதாக இருந்தது. அடக் கடவுளே, இவ்வளவு பெரிய அச்சுப்பிழையா என்று ‘வெறுக்கிறவன்’ எனத் திருத்திவிட்டேன். மறுநாள் எங்கள் மெஷின்காரரிடம் சொன்னேன். வாரம் தவறாமல் சபைக்குப் போகிறவர். விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, அது பிழை இல்ல. எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் நீ என்னை வெறுக்க வேண்டுமா? பதில் சொல்லிவிட்டு அப்புறம் தண்ணீரில் இறங்கு.

அம்மா

மார்ச் 10

அன்பு அம்மா,

வேதத்தையே திருத்திய ஆள் நீயாகத்தான் இருப்பாய்! பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரிக் குழாய்களை அடுக்கிக்கொண்டே நினைத்து நினைத்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் உன் கேள்வியை மறுபடி படித்தேன்.

ஞானஸ்நான வகுப்பில் கேட்டேன். எங்களோடு படிக்கிற ஓய்வுபெற்ற போலீஸ்காரர், "அந்த வரிசையில மாமியாரைச் சேர்க்கலையே, அதான் எனக்கு வருத்தம்" என்றார். போதகருக்கே சிரிப்பு அடங்கவில்லை. பிறகு, அந்தக் காலத்துப் பேச்சில் வெறுப்பது என்றால் குறைவாக நேசிப்பது, அவ்வளவுதான் என்று விளக்கினார். சரிதானே, அம்மா? நீ சரி சொல்லாமல் போக மாட்டேன்.

உன் வாலு

மார்ச் 15

அடி வாலு,

இது சப்பைக்கட்டு. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிற மனுஷன் இந்த இயேசு. குறைவாக நேசி என்று சொல்ல வாய் வராமலா போயிற்று? அவரை எனக்குப் பிடித்துப்போனதுதான் கோபமே. பெரிய மனிதர்களை என்ன வாங்கு வாங்குகிறார்! ஆனால் பெற்றவள் பார்க்க வந்து வெளியே நிற்கிறாள், யார் என் தாய் என்று கேட்கிறார். எனக்குச் சுரீரென்றது. புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். அடுப்பில் வைத்தது வேகிறதற்குள் மறுபடி எடுத்துவிட்டேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டாமா?

அம்மா

மார்ச் 20

அம்மா,

நீ சரி சொல்லவில்லை. இந்த முறை என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று போதகரிடம் சொல்லிவிட்டேன். "அவசரம் இல்லம்மா" என்றார்.

அப்பா போன பிறகு எனக்கு நீ, உனக்கு நான். உன்னை வெளியே நிறுத்திவிட்டு நான் எங்கே போவது? ஆனால் ஒன்று, திட்டாதே. இயேசுவை விட்டுவிடவும் முடியவில்லை. வேலைக்கு நடுவிலும் மனம் அங்கேயே போய் நிற்கிறது.

வாலு

மார்ச் 25

என் கண்ணுக்கு,

கடைசிவரை படித்துவிட்டேன். சிலுவையில் தொங்குகிறார், மூச்சு வாங்குகிறது, கீழே அந்த அம்மா நிற்கிறாள். அந்த நிலைமையிலும் சிநேகிதனைக் கூப்பிட்டு அவளை ஒப்படைக்கிறார். இனி இவள் உன் தாய் என்கிறார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். வெறுத்தவன் சாகிற நேரத்தில் அம்மாவுக்கு வீடு தேடுவானா?

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், உன் போதகர் ஒப்புக்கொள்வாரோ என்னவோ. பிள்ளை தன் வழியைப் பார்த்துக் கிளம்பினால், வீட்டில் இருக்கிறவளுக்கு அது வெறுப்பாகத்தான் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அப்படித் தெரியும் என்று அறிந்தும் வருகிறவன் வரட்டும் என்கிறார் போலிருக்கிறது.

இதை உனக்கு எழுதாமலே இருந்துவிடலாமா என்று பார்த்தேன். பதில் கிடைக்காதவரை நீ என் பக்கம்தானே. ஆனால் ஆசைப்பட்டதை எனக்காக விட்டுவிட்ட மகளை வைத்துக்கொண்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பேன்?

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவரிடம் கேட்க வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது. நீ முதலில் போய் உன் பெயரைத் திரும்பக் கொடு. நானும் வருகிறேன். தண்ணீரை விட்டு நீ ஏறியதும் தலை துவட்ட நான்தான் துண்டோடு நிற்பேன். அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே.

அம்மா