சாவி பதினேழாம் நம்பரிடம்

இஞ்சாருங்கோ,

ரப்பர் தோட்டத்து அடிமைகளைப் பற்றிய என் நாவலைச் சிங்கப்பூர் அச்சுக்கூடத்தில் கொடுக்கப் போகிறேன். லாபிஸில் ரயிலேறுவேன். நான் அவிக்கிற புட்டைப் போல நாவலும் கொஞ்சம் கட்டிதான். ஆனாலும் நீங்கள் அடுப்பில் போட்ட அத்தியாயத்தைத் திரும்ப எழுதிவிட்டேன்.

"கூலிப் பொம்பிளையள் கிராணிக்கு முன்னால இப்பிடிக் கதைப்பினமோ?" என்று, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான நீங்கள் சிரித்தீர்கள். காய்ச்சலோடு பால் மரம் வெட்டப் போகச் சொன்னபோது, விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் உங்கள் முகத்துக்கு நேரே கதைத்தவள்தான் அவள். அவள் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன்.

கதையில் கிராணியின் பேரை மாற்றச் சொன்னீர்கள். மாற்றிவிட்டேன். நீங்கள் அவளைக் கூப்பிடுகிற மாதிரியே, புத்தகம் முழுக்க அவர் வெறும் பதினேழாம் நம்பர்.

சோறும் மீன் குழம்பும் சமையலறையில் இருக்கின்றன. கதவு பூட்டியிருக்கிறது. சாவி அவளிடம். கூலிகளின் லயத்துக்குப் போய்ப் பேர் சொல்லிக் கேட்டால் தருவாள். நம்பர் சொன்னால் தரமாட்டாள்.

தவமணி

பி.கு. இருமல் மருந்து தலையணைக்கடியில். அதைப் பூட்டி வைக்க மனம் வரவில்லை.

இன்னொன்று. அவள் பேரை இங்கே எழுதப் போய், நிறுத்திவிட்டேன். லயத்தில் யாரையாவது கேளுங்கோ. சிரிப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கோ.