குன்னூர்த் தண்ணீருக்கு நாலு மார்க்

ஏனுங்க, என் ராசா,

இப்படிக் கூப்பிட்டால் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் ‘ம்’ என்றாவது சொல்வீர்கள். இப்போது அதுவும் இல்லை. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த மாதக் கடைசியில் எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அடுத்து எங்கே என்று முடிவு செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இதைக் கூடவே படிக்கிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாது. என் வீட்டுக்காரர் குன்னூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் டீ ருசி பார்த்துத் தரம் சொல்லிவந்தவர். நான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். அவர் ரிட்டையர் ஆனதும் சொந்த வீடு கட்ட வேண்டாம், நாலு மாதத்துக்கு ஓர் ஊர் என்று வாடகைக்கு இருந்துகொண்டே ஊர் ஊராகப் போகலாம் என்று பேசி வைத்திருந்தோம். ரிட்டையர் ஆக எட்டு மாதம் இருக்கும்போது அவர் மட்டும் கிளம்பிவிட்டார்.

நாம் ஊர் தேடிய லட்சணத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. நான் பெரிய மனுஷி மாதிரி நோட்டுப் போட்டு எழுதினேன்: நெட் கிடைக்குமா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், எந்த மாதம் மழை, சாயங்காலம் ஒரு பொம்பளை தனியாக நடக்கலாமா. நீங்கள் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டீர்கள்.

“தண்ணி சரியில்லாத ஊர்ல மனுசன் எப்படிப் புள்ள குடியிருப்பான்?”

அதோடு ஆரம்பித்தது பாட்டில் படலம். தென்காசிக்குப் போன என் தம்பி, மைசூருக்கு லோடு ஏற்றிப்போன டிரைவர், யார் எங்கே போனாலும் ஒரு பாட்டில் தண்ணீரோடுதான் திரும்பி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சமையல் மேடை உங்கள் டேஸ்டிங் ரூம் ஆகிவிடும். ஒரே மாதிரிக் கிண்ணங்கள், ஒரே அளவு நம் ஃபேக்டரித் தூள், கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம். ஒப்பிட்டுப் பார்க்க ஓரத்தில் எப்போதும் நம் குழாய்த் தண்ணீர் ஒரு கிண்ணம். கரண்டியில் எடுத்து, பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சி, துப்பிவிட்டு மார்க் சொல்வீர்கள். நான் எழுதுவேன். தென்காசி ஏழு. மைசூர் ஐந்து. உடன்குடி இரண்டு.

“இது டீயே இல்ல புள்ள. கடல்ல தூளைக் கொட்டிக் கலக்கியிருக்குது.”

குன்னூர் பத்து. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் குன்னூர் பத்து.

எட்டு வாங்கிய ஊருக்குத்தான் போவது என்று விதி வைத்தவரும் நீங்களே. நோட்டில் பத்தொன்பது ஊர் இருக்கிறது, ஒன்றுகூடத் தேறவில்லை. நீங்கள் போன பிறகு அதைப் புரட்டியபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உங்களுக்கு நிஜமாகவே கிளம்ப ஆசை இருந்ததா? இல்லை, என் ஆசையை மறுக்க மனமில்லாமல் தண்ணீர் மேல் பழியைப் போட்டீர்களா? கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்றுதான் தெரியவில்லை.

யாழினி கோவையிலிருந்து வந்து அழுதாள். “அப்பாவும் இல்ல, நீங்க எப்படிங்ம்மா தனியா ஊர் ஊரா சுத்துவீங்க? எங்கூடவே வந்து இருந்துக்குங்க” என்றாள். நம் மகள் சொல்வதிலும் தப்பில்லை. மாப்பிள்ளை எனக்கென்று ஓர் அறைக்குப் பெயின்ட்கூட அடித்துவிட்டார். எனக்கும் சரியென்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் போனால் அதோடு முடிந்தது, மறுபடி கிளம்பமாட்டேன் என்பதும் தெரிந்தது.

போன வாரம் சாமான் கட்ட அட்டைப்பெட்டி கேட்டு மார்க்கெட்டில் ரஹீம் பாய் கடைக்குப் போனேன். நமக்கு உடன்குடித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாரே, அவரேதான். “அந்தத் தண்ணி எப்பிடி இருந்துச்சுன்னு அண்ணன் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே தங்கச்சி” என்றார். இரண்டு மார்க் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். மனுஷருக்கு முகம் சிவந்துவிட்டது.

“எங்க ஊர்த் தண்ணில உங்க ஊர்த் தேத்தூளைப் போட்டுட்டு, தண்ணி சரியில்லைன்னா எப்பிடி? அந்தத் தண்ணிக்குக் கருப்பட்டிக் காப்பிதான். இருங்க, குடிச்சுட்டுப் போங்க.”

அவர் குடிப்பதற்கென்றே ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மாதம் ஒரு கேன் வருகிறதாம். இத்தனை வருடத்தில் நமக்கு இது தெரியாது பாருங்கள். கடைக்குப் பின்னால் ஸ்டவ்வில் போட்டுக் கொடுத்தார். என்னையறியாமல் உங்களைப் போலவே உறிஞ்சினேன். அரிசி வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உப்பும் இனிப்பும் சேர்ந்து நாக்கில் அப்படியே நின்றது. ஒன்பது போடலாம்.

என் பையில் குடிக்கக் கொண்டுபோன நம் குழாய்த் தண்ணீர் இருந்தது. “இதுல ஒண்ணு போட்டுக் குடுங்க பாய்” என்றேன். அதே கருப்பட்டி, அதே காப்பித்தூள். சப்பென்று இருந்தது.

இந்த மலையில் விளைந்த டீத்தூளுக்கு இந்த மலைத் தண்ணீர்தானே பத்து வாங்கும்? ஊரெல்லாம் பரீட்சை வைத்தோம், கேள்வித்தாள் மட்டும் குன்னூருடையது. நாக்கை வைத்தே பிழைத்த உங்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் இருந்தீர்களா? இந்தக் கேள்வியையும் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன்.

உடன்குடியில் ரஹீம் பாயின் தங்கை வீட்டு மாடி காலியாக இருக்கிறது. அந்த அம்மா மொட்டைமாடியில் நின்று வீடியோ கால் போட்டுப் பனைமரங்களைக் காட்டினார், ஒரு தடவைகூடக் கட் ஆகவில்லை. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில். முதல் நாலு மாதம் அங்கே. யாழினியிடம், “அடுத்த நாலு மாசம் கோயமுத்தூர், உன்ற ஊடும் என்ற லிஸ்ட்ல ஒரு ஊருதான் கண்ணு” என்றேன். அவளோ, “சிறுவாணித் தண்ணிக்கு எத்தனைங்ம்மா போடுவீங்க?” என்றாள். குடித்துவிட்டுத்தான் சொல்வேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நோட்டில் உங்கள் பத்துகளுக்குக் கீழே நேற்று எழுதினேன்: குன்னூர், கருப்பட்டிக் காப்பி, நாலு. நீங்கள் சொல்லாமல் நானாக எழுதிய முதல் மார்க். எழுதிவிட்டு அந்தப் பக்கத்தின் மேலேயே அழுதேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி எந்த ஊருக்குப் போனாலும், அந்த ஊர்க்காரர்கள் குடிப்பதைக் குடிக்காமல் அதற்கு மார்க் போடமாட்டேன். இது சத்தியம். உங்கள் கரண்டியை எடுத்துக்கொண்டேன். நம் தூளைத்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி நாலு மாதத்துக்கு ஒரு விலாசம் மாறப்போகிற
உங்கள் வீட்டுக்காரி,
சரசு