எருமப்பட்டி ஒண்ணு

உன் நோட்டை விரித்ததும் மேசை மேல் கல்மாவு கொட்டியது. போர்வெல் போடும்போது பறக்குமே, அந்த வெள்ளைத் தூள். பக்கத்துக்குப் பக்கம் மடிப்பில் இருக்கிறது. ஊதினேன், மூக்கில் ஏறியது. துணி எடுத்தவன் துடைக்காமல் வைத்துவிட்டேன். ஒடிசாவில் ஏதோ ஒரு காட்டுப் பாறை, திருச்செங்கோட்டில் என் அறை மேசையில் கிடக்கிறது. கிடக்கட்டும்.

உன் அக்காதான் கொண்டுவந்தார். ஜேடர்பாளையத்திலிருந்து பஸ் ஏறி, நான் வேலை பார்க்கும், போர் போடும் ரிக் வண்டி கட்டுகிற பட்டறைக்கே வந்துவிட்டார். பாலிதீன் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டி, "ஏஞ்சாமி, பூராவும் ஊர்ப் பேரா இருக்குது. எந்தெந்த ஊர்ல போர் போட்டான்னு எழுதினதுங்களா இது?" என்றார்.

"இல்லீங்கக்கா. நாங்க போன்ல செஸ் ஆடினது."

நோட்டை மூடிப் பைக்குள் வைக்கப் போனவர், மறுபடி என்னிடமே நீட்டினார். "யாரு ஜெயிச்சீங்க?"

"முடியலீங்க."

டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

பாலிடெக்னிக் முடித்ததும் நான் பட்டறையில் வரைபடம் சரிபார்க்கப் போனேன், நீ ரிக்கோடு ஒடிசா போனாய். ஆட்டத்தை மட்டும் விடவில்லை. உன் பக்கம் ஒரு பலகை, என் பக்கம் ஒன்று. நகர்த்தலைப் போனில் சொல்லி, அவரவர் நோட்டில் எழுதிக்கொள்வது. மெசேஜ் அனுப்பித் தொலையேன்டா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "டைப் அடிச்சா நீ திட்டுறது கேக்காதே மாப்ள" என்பாய். லாரிக் கூரை மேல் ஏறி நின்றால்தான் உனக்கு சிக்னல். பலகையில் கட்டத்துக்குப் பேர் ஏ முதல் எச் வரை ஓர் எழுத்தும் கூட ஓர் எண்ணும். அதில் பி, டி, ஈ, ஜி எல்லாம் ஒன்றுபோலவே கேட்கும்.

அதனால்தான் எழுத்துக்கு ஓர் ஊர் வைத்தோம். ஏ ஆத்தூர், பி பவானி, டி தர்மபுரி, ஈ ஈரோடு, ஜி கோபி. சி-க்கு நீ சேலம் என்றாய். சேலத்துக்கு எஸ் என்று நான் சண்டை போட்டேன். "சி, சே எல்லாம் ஒரே குடும்பந்தான் மாப்ள, காதுல கேளு" என்று முடித்துவிட்டாய். எச்சுக்கு நான் ஓசூர் என்றேன். "ஓசூர்ல எங்கடா எச்சு இருக்குது?" என்று சிரித்தாய். நான் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தேன், நீ காதில் விழுந்ததைப் பார்த்தாய். எஃப்புக்கு மட்டும் ஊர் கிடைக்கவில்லை. அது வெறும் எஃப்.

கடைசி ஆட்டத்தில் உனக்கு வெள்ளை. இருபத்து மூன்றாவது நகர்த்தல், "குதிரை ஈரோடு ஒண்ணு" என்றாய். என் பலகையில் அந்தக் கட்டத்தில் உன் யானையே நின்றது. சொன்னேன். அங்கே ஏது யானை என்று நீ திருப்பிக் கேட்டாய். எனக்குச் சுள்ளென்று வந்தது. அன்று பட்டறையில் நான் சரிபார்த்த இரண்டு வரைபடம் தப்பென்று திரும்பி வந்திருந்தது. அதையும் சேர்த்து உன் மேல் இறக்கினேன்.

"ஒரு கட்டத்தைப் பார்த்து எழுதத் துப்பில்ல, நீயெல்லாம் எதுக்குடா ஆடுற?"

நீ கோபப்படவில்லை. "உன் நோட்டையும் ஒருக்கா பாரு மாப்ள" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு தடவை கூப்பிட்டாய். எடுக்கவில்லை. அடுத்த வாரம் உன் நம்பரிலிருந்து வேறொருவர் பேசினார். காய்ச்சலென்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்.

இதற்கெல்லாம் நீ தொழிலிலிருந்து ஒன்று சொல்வாய். முந்நூறு அடியில் துளை போடும் ராடு மாட்டிக்கொண்டால் எல்லோரும் முந்நூறில் போய்ப் பார்ப்பார்கள், ஆனால் குழி எண்பதிலேயே சாய்ந்திருக்கும் என்பாய். "மாட்டின இடத்தைப் பார்க்காத, சாய்ஞ்ச இடத்தைப் பாரு." இன்று காலை அப்படித்தான் பார்த்தேன். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து, இருபத்து மூன்றிலிருந்து பின்னால் வந்தேன். இருபத்திரண்டு சரி. இருபத்தொன்று, இருபது சரி. பத்தொன்பதில் விரல் நின்றது.

என் நோட்டில்: யானை, ஈ ஒன்று. உன் நோட்டில்: யானை, எருமப்பட்டி 1.

ஞாபகம் வந்துவிட்டது. அன்று ரிக் ஓடிக்கொண்டிருந்தது. எஃப் எஃப் என்று நீ கத்தியது எனக்குக் கேட்கவில்லை. "அட உங்க ஊருடா, எருமப்பட்டி, எருமப்பட்டி ஒண்ணு" என்றாய். எ, எஃப். உன் காதுக்கு அது சரி. நான் இங்கிலீஷில் எருமப்பட்டியின் முதல் எழுத்தைப் பார்த்து ஈ என்று எழுதினேன். ஈக்கு ஈரோடு இருக்கையில் இவன் எதற்கு எருமப்பட்டி சொல்கிறான் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நாலு நகர்த்தல் நாம் இரண்டு பேரும் வேறு வேறு ஆட்டம் ஆடியிருக்கிறோம்.

சிவப்புப் பேனா எடுத்து என் நோட்டில் ஈயை அடித்து எஃப் என்று எழுதினேன். தப்பைப் பார்த்தால் உடனே அடித்தாக வேண்டும் எனக்கு, மிச்சத்தைப் படிக்கக்கூடப் பொறுக்காது. அதற்குப் பிறகுதான் உன் நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

நீ பத்தொன்பதை மறுபடி எழுதியிருந்தாய், பென்சிலில். "யானை, ஈரோடு 1 (அவன் பலகைப்படி)." இருபத்து மூன்றில் குதிரை போன கட்டத்தை அடித்துவிட்டு, "குதிரை, ஓசூர் 4" என்று போட்டிருந்தாய். பலகையில் வைத்துப் பார்த்தேன். அந்தக் குதிரையை என் ராணி சும்மாவே வெட்டலாம். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும். ஆட்டம் நின்றுவிடக் கூடாதென்று என் தப்பை உன் நோட்டில் ஏற்றிக்கொண்டாய். அந்த இரண்டு போனும் இதைச் சொல்லத்தான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

இப்போது என் நோட்டில் எஃப், உன் நோட்டில் ஈ. மறுபடியும் ஒத்துப்போகவில்லை.

ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் படத்தைத் திருப்பி அனுப்புகிறவன் நான். இதைத் திருத்தவில்லை. யானையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கட்டத்துக்கும் நடுக்கோட்டின் மேல் வைத்திருக்கிறேன். வேறு யாரோடும் ஆடவில்லை. போனிலிருக்கும் செஸ் ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். அது தப்பாக எழுதுவதே இல்லை, திட்டவும் வழியில்லை. மூடிவிட்டேன்.

மத்தியானம் ஒரு ஸ்பேர் நம்பரை ஈரோட்டுக் கடைக்குப் போனில் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் ஒரு எஃப் வந்தது. லைன் சரியில்லை, கடைக்காரருக்குக் கேட்கவில்லை.

"எருமப்பட்டிங்க" என்றேன்.

"எருமப்பட்டினா ஈ தானுங்களே?"

"இல்லீங்க. காதுல கேளுங்க. எஃப்."