ஆற்றுத்திட்டு வழக்கை எதிராளியின் படித்துறையிலேயே விசாரிக்கக் கோருதல்

அனுப்புநர்:
திகம்பர் ஹால்தார், மேல்முறையீட்டாளர்,
பாலிதோபா கிராமம், வங்காளம்.

பெறுநர்:
மாண்புமிகு மாவட்ட நீதிபதி அவர்கள்,
கமலாபூர்.

பொருள்: உயர் நீதிமன்றத் தீர்ப்பால் தங்களிடம் மாறி வந்த என் மேல்முறையீடு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒன்றை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நானும் எதிராளி தொராப் மிர்தாவும் பதினேழு வருடமாக வழக்காடும் ஆற்றுத்திட்டு, அதில் பதினோரு வருடம் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. அப்போதும் ஒரு விசாரணைக்கும் தவறாமல் போனோம். எங்கள் பக்கத்தில் மண் முழுகினாலும் வழக்கை முழுக விடுவதில்லை. என்றைக்காவது மண் மேலே வரும்.

2. மூன்று வருடம் முன்பு வந்தது. ஆனால் ஆறு அதற்குள் மேற்கே நகர்ந்துவிட, திட்டு தங்கள் மாவட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே மேல்முறையீட்டைக் கேட்கும் அதிகாரம் பினோத்பூர் கோர்ட்டுக்கு இல்லை, தங்களுக்கே என்று கல்கத்தாவில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. குற்றம் சொல்ல நான் யார்? மூன்று மழைக்காலம் மட்டும் பள்ளிக்கூடம் போனவன். பினோத்பூர் அரை நாள் தூரம். கமலாபூருக்கு இரண்டு நாள் படகு, அப்புறம் மாட்டு வண்டி.

3. பினோத்பூருக்கு நாங்கள் ஒரே படகில்தான் போவோம். படகு அவருடையது, துடுப்பு நான். இரு தரப்புச் சாட்சிகளும் நடுவில் உட்கார்ந்து ஒரே கூடையில் பொரியும் பனைவெல்லமும் தின்பார்கள். வாய்தா கேட்டவர் திரும்பும்போது உல்லம் மீன் வாங்க வேண்டும். “மியா, மீனை இன்னிக்கே நல்லா சாப்பிட்டுக்கும், அடுத்த தடவ தோத்துட்டு அழத்தான் நேரம் இருக்கும்” என்பேன். “முள்ளு உமக்கு, சதை எனக்கு. தீர்ப்பும் அப்படித்தான் வரும் ஹால்தாரே” என்பார். அந்தப் படகுப் பயணங்களை நினைத்தால் இப்போதும் வாயூறுகிறது.

4. இந்த ஐப்பசியில் அவருக்கு இடது காலும் கையும் விழுந்துவிட்டன. ஜனவரி 12 விசாரணைக்கு அவர் வர முடியாது. வராவிட்டால் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பாகிவிடும். அவருடைய மூன்று மகன்களுக்கும் உழ வேறு நிலமில்லை. வக்கீலை அனுப்பச் சொன்னேன். “அந்த மண்ணுல எத்தன நண்டு வளை இருக்குன்னு வக்கீலுக்குத் தெரியுமா?” என்கிறார்.

5. ஐயா, நான் ஜெயிக்கத்தான் போகிறேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து ஜெயிக்க வேண்டும். தங்கள் குளிர்காலச் சுற்றுப்பயணப் படகு எங்கள் ஊரைக் கடந்துதான் போகிறது. ஒரு நாள் தொராப் மியாவின் படித்துறையில் நிறுத்தி எங்கள் இருவரையும் கேட்டருள வேண்டுகிறேன். முடியாவிட்டால், அவர் எழுந்து உட்காரும்வரை என்னை ஜெயிக்க வைக்காமலாவது இருக்கப் பணிவுடன் கோருகிறேன்.

இடம்: பாலிதோபா
நாள்: 6 டிசம்பர் 1887

இப்படிக்கு,
திகம்பர் ஹால்தார்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட அன்றே திட்டின் வடகோடி ஆற்றில் சரிந்தது. அங்கே முளையடித்துக் கட்டியிருந்த என் படகும் போயிற்று. விசாரணைக்கு வர எதிராளியின் படகைக் கேட்டிருக்கிறேன். அவர் யோசிக்க வாய்தா கேட்டிருக்கிறார். மீன் அவர் முறை.