வெயில் தாழட்டும் என்று

இருங்காட்டுக்கோட்டை,
19.3.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

முத்துச்செல்வி எழுதுவது. நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி? களிம்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

திங்கள் இரவு போனில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். ஹாஸ்டல் போன் வார்டன் மேஜையில் இருக்கிறது. எனக்குப் பின்னால் வரிசையாகப் பெண்கள். "கூட நின்னவன் யாரு?" என்று நீங்கள் கத்தியது அவர்களுக்கும் கேட்டது. "வேலையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், சித்தப்பாகூட வந்து சேரு" என்றதும் கேட்டது. அதனால்தான் கடிதம்.

யாரும் நிற்கவில்லை.

நடந்தது இதுதான். ஞாயிறு மாலை பென்னலூர்ப் பக்கம் ஏரிக்குள் நின்றிருந்தேன். தண்ணீர் வற்றிய இடம். கையில் கேமரா. ரோட்டில் போன பெருமாள்சாமி சித்தப்பா பைக்கை நிறுத்தி, "இங்கன யாருக்கும்மா நிக்க?" என்றார். "வெயில் தாழட்டும்னு நிக்கேன் சித்தப்பா" என்றேன். வெயில் தாழ்ந்தால்தான் வெடிப்புகளில் நிழல் இறங்கும். உச்சி வெயிலில் தரை வெறும் வெள்ளை. இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவர் உங்களிடம் சொன்னது: "இருட்டட்டும்னு காத்துக் கெடக்கா."

இங்கிருந்து கிளம்பிய வெயில் சாத்தூர் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது.

கேமரா விஷயம் உங்களுக்குத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பரசுராமன் அண்ணனிடம் வாங்கிய பழையது. கறுப்பு வெள்ளை ரோல் கழுவ இந்தப் பக்கம் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு முறையும் திட்டுவார். "இன்னாம்மா இது, ரோலு பூரா மண்ணு. ஒரு மன்சன் கீறானா? உன் மூஞ்சியாவது எடுக்கக் கூடாதா?" பிறகு கவனமாகத்தான் பிரிண்ட் போடுவார்.

ஏன் என்று கேட்பீர்கள். கம்பெனி லைனில் நாள் முழுக்க என் கண்ணுக்கும் நான் சோதிக்கும் சர்க்யூட் போர்டுக்கும் ஒரு சாண் தூரம். பச்சை விளக்கு என்றால் போகட்டும். சிவப்பு என்றால் நிறுத்து. நிறம் என்றாலே அங்கே உத்தரவு. ஷிப்ட் முடிந்தால் பஸ். பஸ் நின்றால் ஹாஸ்டல் கேட். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கம்பெனியின் மதில். ஏரிக்குள் மட்டும் கண் கொஞ்சம் தூரம் போகிறது. கம்பி வேலி வரைக்கும்.

ஓர் ஆண் அங்கே நின்றால் காற்று வாங்குகிறான். நான் நின்றால் யாருக்காகவோ நிற்கிறேன்.

நீங்கள் பேசியதிலிருந்து வார்டன் கோமதியம்மாள் என்னை வெளியே விடுவதில்லை. கம்பெனி பஸ் கேட்டுக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. "உங்க அப்பா ஆளு வந்து இட்டுக்கினு போறவரைக்கும் நீ என் பொறுப்பும்மா" என்கிறார். நல்ல மனுஷி. எனக்கு மட்டும் கூடுதலாக ஓர் அப்பளம் வைக்கிறார்.

ஞாயிறு எடுத்த ரோலை அறைத்தோழி பூமாரி கொண்டுபோய்க் கழுவி வாங்கி வந்தாள். அதில் இரண்டு படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

முதலாவது கெட்டுப்போன படம். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருந்ததைக் கவனிக்கவில்லை. என் நிழல் உள்ளே விழுந்துவிட்டது. இப்படி விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுவேன். கேமராவைக் கண்ணில் வைத்திருப்பதால் முழங்கைகள் இரண்டும் ஜாடியின் கைப்பிடிகள் மாதிரித் தெரியும். அந்த நிழலுக்கு இரு பக்கமும் பாருங்கள். வெடித்த மண். வேறு நிழல் இல்லை. சித்தப்பாவிடம் காட்டலாம். அம்மாவிடமும். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் காதில் இந்தப் பேச்சு விழுந்திருந்தால் அவர்களிடமும்.

இப்படி ஒரு படத்தை அப்பாவுக்கு அனுப்பக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது, கொஞ்சம் திரும்பி நின்று எடுத்தது. என் நிழல் இல்லை. ஏரி, வேலி, கடைசியில் ஒற்றைப் பனை. இதுவரை எடுத்ததில் இதுதான் நான் நினைத்தபடி வந்தது. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. உங்களுக்கு மட்டும்.

அடுத்த சனிக்கிழமை சித்தப்பா வருகிறார் என்றீர்கள். நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார். என்னை அழைக்கப் போக வேண்டாம் என்று அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு முன், அந்த இரண்டாவது படத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பாருங்கள் அப்பா.

யாரையும் தேடாமல்.

உங்கள் மகள்,
முத்துச்செல்வி